சின்னத்தாய்க்குப் போட்ட கருப்பு வயர்

தரணிக்கு அந்தப் பேச்சு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், ஆனி மாதத்தில் ஒரு காலை. எட்டு நாளாகக் காய்ந்து கிடந்த குழாயில் தண்ணீர் வந்திருந்தது. ஜெபக்குமாரைக் குடத்தோடு வரச் சொல்லி அம்மா அவளை முன்கடைக்கு விரட்டினாள்.

அவிநாசியில் ரோட்டைப் பார்த்திருந்த அந்தக் கடை தரணியின் அப்பா பொங்கியண்ணனுக்குச் சொந்தம். கடைக்குப் பின்னால் பனியன் துணி ஓட்டும் அவருடைய ஷெட், ஷெட்டுக்கும் பின்னால் இரண்டு அறை கொண்ட ஒரு சின்ன வீடு. கடையிலும் பின்வீட்டிலும் குடியிருந்தவர் ஜெபக்குமார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். தரணி போனபோது மேஜைக்கு அடியில் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, தண்ணி வந்துருச்சுங்க. குடத்த எடுத்துட்டு வரச் சொன்னாங்க அம்மா."

"ரெண்டு நிமிசம் பாப்பா. தலைவர மாட்டிட்டு வாரேன்."

"யாருங்ணா தலைவரு?"

அவர் நிமிர்ந்து விரலிடுக்கில் இருந்ததைக் காட்டினார். சுண்டுவிரல் நுனியளவு ஒரு வெள்ளி நிற மூடி.

"இவருதான். பாக்க ஒண்ணுமில்ல, ஆனா இவரு கழண்டா எங்க குடும்பமே காலி."

"கடை பூரா நீல வயரு தொங்குதுங்க. ஊருக்கெல்லாம் அதத்தான் போட்டுக் குடுக்கறீங்க. சின்னத்தாயக்கா ரூமுக்கு மட்டும் எதுக்குங்ணா இந்தப் பழைய கருப்பு வயரு?"

"சமையக்காரன் வீட்டுல பழையசோறுதான் பாப்பா. எங்கிட்ட இருக்க கம்ப்யூட்டரு எல்லாம் அவனவன் வேண்டாம்னு விட்டுட்டுப் போனது. அதுல இந்த வயருதான் ஏறும். இன்னொண்ணு, இதுக்கு மேல கம்பிவலைச் சட்டை இருக்கு. உங்கப்பா மிஷின் மோட்டாரு போடுத சத்தம் உள்ள ஏறாது."

"அப்ப நல்லதுதானுங்களா?"

"நல்லதுதான். ஒரே ஒரு சங்கடம். நீல வயருன்னா ஒண்ணு செத்தா ஒண்ணு பொழைக்கும். இது ஒத்தக் கயிறு. கடையில ஒரு மூடி, அவ ரூம்ல ஒரு மூடி, நடுவுல உங்கப்பா ஆபீஸ்ல ஒரு மூட்டு. இந்த மூணுல எது அசைஞ்சாலும் எல்லாம் ஊமையா..."

அவர் நிறுத்திக்கொண்டு, குனிந்து மூடியை அதன் இடத்தில் திருகினார். தரணியும் தரையைப் பார்த்தாள். அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. திரையில் ஒரு சின்னப் பெட்டி. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். தரணி படித்தாள்: 'தண்ணி வந்தாச்சு. கதை பேசினது போதும். குடம்.'

ஜெபக்குமார் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா? தொண்டைய எடுத்தாலும் வாயி போகலை."

பேச்சு அவ்வளவுதான். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

சின்னத்தாய் அவருடைய மனைவி. இருவருக்கும் சாத்தான்குளம் பக்கம். ஜெபக்குமார் இருபது வயதில் ஒரு துணிப்பையோடு திருப்பூருக்கு பஸ் ஏறியவர். ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை. அதே கம்பெனியில் சின்னத்தாய் ஓவர்லாக் தைத்தாள். நாற்பது மிஷின் ஒன்றாக ஓடினாலும் அவள் குரல் தனியாகக் கேட்குமாம். சாப்பாட்டு மணி அடிக்காத நாளில் சூப்பர்வைசர் அவளைத்தான் கூப்பிடச் சொல்வாராம். 'அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மயங்கினேன், மூஞ்சியை அப்புறம்தான் பார்த்தேன்' என்று ஜெபக்குமார் சொல்லுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

கம்பெனி ஆபீஸில் கெட்டுப்போன ஒரு கம்ப்யூட்டரைக் குப்பையோடு ஒதுக்கியபோது, கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். பத்தாவதோடு நின்ற படிப்பு. செய்தித்தாளை விரித்து அதன்மேல் பெட்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒவ்வொரு திருகாணியையும் ஒவ்வொரு தீப்பெட்டியில் போட்டு, மேலே எண் எழுதி வைத்தார். திரும்பப் பூட்ட நாலு மாதம் ஆயிற்று. அது ஓடிய அன்று சின்னத்தாய் போட்ட குலவையில் அந்த லைன் வீடுகள் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டதாம். பிறகு மாலை வகுப்பு, அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகம், பொங்கியண்ணனின் முன்கடை. ஆபீஸ் கம்ப்யூட்டரை அவர்தான் பார்த்துக்கொண்டார் என்பதால் பொங்கியண்ணனுக்கு அவர் மேல் தனி மரியாதை.

இரண்டாயிரத்து நான்கில் சின்னத்தாயின் குரல் கரகரத்தது. பஞ்சுத் தூசி என்று நினைத்து வெந்நீர் குடித்தாள். அது தூசியில்லை. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய், அதன் வழியாக மூச்சு. குழாய்க்குள் சளி இறுகினால் மூச்சு அடைக்கும். உள்குழாயை உருவிக் கழுவி மறுபடி பொருத்த வேண்டும். ஒரு நிமிட வேலைதான். ஆனால் அது சின்னத்தாய்க்கு வரவில்லை. கண்ணாடியைப் பார்த்தாலே கை நடுங்கிவிடும். ஜெபக்குமார்தான் செய்வார்.

கடைக்கும் பின்வீட்டுக்கும் நடுவில் ஷெட். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. ஜெபக்குமார் அவள் கையில் ஒரு மணியைக் கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. அப்புறம்தான் அந்தக் கருப்பு வயர். கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அவள் கட்டிலருகே இன்னொன்று, நடுவில் ஷெட் ஆபீஸ் கம்ப்யூட்டர். அந்தக் காலத்து விண்டோஸோடு சேர்ந்தே வந்த, செய்தி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் அடித்துவிட்டால் அடுத்த பக்கம் 'டிங்' என்று வந்து நிற்கும்.

சின்னத்தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. அங்கேதான் தரணி வந்து சேர்ந்தாள். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள், வீட்டில் தமிழ்ப் புத்தகம் வாசிப்பவள், பி.காம் முதல் வருடம். அதிகம் பேசாத பெண். அவளும் பேச முடியாத சின்னத்தாயும் ஒரு மாதம் சாயங்காலங்களில் அருகருகே உட்கார்ந்தார்கள். 'அ'வுக்கு எந்தச் சாவி, 'ம'வுக்கு எந்தச் சாவி என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டினாள் தரணி. மாதம் முடிவதற்குள் சின்னத்தாய் பழையபடி ஆகிவிட்டாள். 'உப்பு கம்மின்னு சொன்ன வாய் எங்க?' 'மீசைய எடுங்க, கரப்பான் மாதிரி இருக்கு.' 'தரணி வந்திருக்கா. முறுக்கு வாங்கிட்டு வாங்க. எனக்கில்ல.' கடையில் ஆள் இருக்கும்போதே திரையில் வந்து விழும். வந்த ஆள் படித்துவிட்டுச் சிரிப்பான். ஜெபக்குமார் வெட்கப்பட்டுக்கொண்டே பதில் அடிப்பார்.

மூச்சு அடைத்தால் மட்டும் ஒரே எழுத்து என்று பேசி வைத்திருந்தார்கள். 'வாங்க' என்பதற்கு இங்கிலீஷ் 'வி'. அந்தச் சாவியின்மேல் தரணி தன் சிவப்பு நகப்பூச்சைத் தடவி வைத்தாள். சிவப்பை அமுக்கு, பெரிய சாவியைத் தட்டு, அவ்வளவுதான். ஜெபக்குமார் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஷெட் ஓரமாக ஓடுவார். அப்படி ஆறேழு தடவை ஓடியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அனுப்பியதும் அவள் திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வரும். செய்தி போய்விட்டது என்று இங்கிலீஷில் சொல்லும். அடியில் ஓகே. முதல்முறை அதைப் பார்த்துச் சின்னத்தாய் மிரண்டாள்.

"அது ஒண்ணுமில்லீங்கக்கா. பெட்டி வந்துச்சுன்னா ஓகேவ அமுக்கீருங்க, போயிரும்."

அதைத்தான் தரணி சொல்லிக் கொடுத்தாள். போகாவிட்டாலும் அதே நிறத்தில், அதே அளவில், அதே ஓகேயோடு ஒரு பெட்டி வரும் என்பதை அவள் சொல்லவில்லை. அவளுக்கே அப்போது தெரியாது.

அந்த வருடம் ஆயுத பூஜை ஐப்பசிக்கு முன்னாலேயே வந்தது. ஷெட்டைக் கழுவி, மிஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். ஆபீஸ் அறைக்குப் பொட்டு வைப்பது வருடா வருடம் தரணியின் வேலை.

"ஒண்ணு விடாம வெய்யி கண்ணு. நமக்குச் சோறு போடறது பூரா அதுங்கதான்," என்றார் பொங்கியண்ணன்.

அவள் ஒன்றும் விடவில்லை. தராசு, ஸ்டேப்ளர், ஸ்விட்ச் பெட்டி, கால்குலேட்டர். கம்ப்யூட்டரைத் துடைக்க மேஜையிலிருந்து இறக்கியபோது பின்னாலிருந்த மூட்டு வழிமறித்தது. இரண்டு பக்கமும் வயர் வந்து சேர, நடுவாய் கம்ப்யூட்டரில் செருகும் உலோக மூட்டு. கழற்றினாள், ஈரத்துணியால் துடைத்தாள். கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தைத் தொட்டு அதன் மூன்று வாயிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். பளபளவென்று இருந்தது. ஈரம் காய்வதற்கு முன் இருந்தபடியே திருகிப் பூட்டினாள். ஜெபக்குமார் வேதக்காரர் என்றாலும் பொரியும் சுண்டலும் வாங்கிப் போக வந்தார். வாசலில் நின்று, "எங்க மிஷினுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோ பாப்பா" என்றார்.

அடுத்த வாரம் வயர் தகராறு செய்யத் தொடங்கியது. காலையில் சின்னத்தாய் அடித்தது வரும், மத்தியானம் அடித்தது வராது. மறுநாள் தலைகீழாக இருக்கும். ஜெபக்குமார் கடையின் மூடியை மாற்றினார். அவள் அறையின் மூடியை மாற்றினார். கம்ப்யூட்டருக்குள்ளே வயர் வந்து சேரும் கார்டைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டார். சுவரோரம் எலி கடித்திருக்குமோ என்று வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போனார்.

மிச்சமிருந்தது நடு மூட்டு. ஆபீஸ் அறைக்குப் போகும் வழி இரண்டு மிஷின்களுக்கு இடையில். ஓடும்போது வெளியாள் உள்ளே போகக் கூடாது என்பது பொங்கியண்ணனின் கட்டளை. முன்னொரு காலத்தில் ஒருவன் மிஷினுக்குள் கையை விட்டிருந்தான். அதனால் ஜெபக்குமார் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மிஷின் நின்றிருக்கும் நேரத்தில் வந்தார். மூட்டை ஆட்டிப் பார்த்தார், நன்றாக இருந்தது. அந்த ஞாயிறு முழுக்க அவரும் சின்னத்தாயும் மாறி மாறி நூறு தடவை அடித்துப் பார்த்தார்கள். நூறும் வந்தது. திங்கட்கிழமை மிஷின் ஓடத் தொடங்கியதும் பத்துக்கு நாலு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இதே கதை.

"அண்ணாச்சி, வேல நாள்ல ஒரு மணி நேரம் உள்ள விடணும். ஓடும்போதுதான் அது தப்பு பண்ணுது."

"விடறனுங்க தம்பி. இந்த ஆர்டர் துணி போயிறட்டும். வெள்ளிக்கெழம உங்களுக்குன்னே ஒரு மணி நேரம், நானே கூட நிக்கறனுங்க."

வெள்ளி என்று முடிவாயிற்று. அதுவரை அரை மணிக்கு ஒரு தடவை தானே போய்ப் பார்ப்பதாக ஜெபக்குமார் வைத்துக்கொண்டார். சின்னத்தாயிடம், "நான் வரலைன்னா மறுபடி அடி, வார வரைக்கும் அடிச்சுக்கிட்டே இரு" என்று சொல்லி வைத்தார். அதைத் தரணியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை. மழை மூட்டம். தரணிக்குக் கல்லூரி விடுமுறை. பதினொன்றே முக்காலுக்கு ஜெபக்குமார் பின்வீட்டுக்குப் போனார். பதினொன்றே காலுக்குத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஷெட்டை ஒட்டியிருந்த தரணியின் வீட்டுக்கு அவர் குரல் கேட்கவில்லை, மிஷின் சத்தம். கைகளை வீசிக்கொண்டு அவர் ஷெட் ஓரமாக ஓடி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

சின்னத்தாய் வாசற்படியில் கிடந்தாள். ஒரு கை படிக்கு வெளியே நீண்டிருந்தது. நடந்து வர முயன்றிருக்கிறாள். கட்டிலிலிருந்து கடைக்கு மெல்ல நடந்தாலும் மூன்று நிமிடம். அந்த வயர் இல்லாதிருந்தால் மூச்சு முட்டியதுமே எழுந்து வந்திருப்பாள். வயர் இருந்ததால் உட்கார்ந்து அடித்திருக்கிறாள். பெட்டி வந்திருக்கிறது. ஓகேயை அமுக்கியிருக்கிறாள். காத்திருந்திருக்கிறாள். மறுபடி அடித்திருக்கிறாள். எத்தனை தடவை என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டி எதையும் சேர்த்து வைப்பதில்லை. கடைசிப் பெட்டி மட்டும் திரையில் நின்றது, ஓகே அமுக்கப்படாமல். தரணி அதைப் படித்தாள். செய்தியை அனுப்ப முடியவில்லை என்று சுத்தமான இங்கிலீஷில் இருந்தது. அந்த வீட்டில் சின்னத்தாய் ஒருத்திக்குத்தான் அது புரியாது.

கல்லறைத் தோட்டத்துக்குப் பொங்கியண்ணன் ஷெட்டை நிறுத்திவிட்டுப் போனார். சின்னத்தாய் போன பிறகுதான் அந்த மிஷின்கள் ஒரு வேலை நாளில் நின்றன. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்தவர் கை கழுவிவிட்டு, சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு நாள் ஜெபக்குமார் கடை திறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சட்டையை மாற்றிக்கொண்டு, திருப்புளியோடு பொங்கியண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அந்த ஒரு மணி நேரம் தாரேன்னீங்க."

"இனி எதுக்குங்க தம்பி அது..."

"எங்கன கோளாறுன்னு தெரியாம எனக்கு ஒறக்கம் வரல அண்ணாச்சி."

பொங்கியண்ணன் வழிவிட்டார். மிஷின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆபீஸ் அறையில் தரணி துணி ரோல் எடைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள், எழுந்து ஒதுங்கினாள். ஜெபக்குமார் மேஜைக்குப் பின்னால் மண்டியிட்டு, மூட்டைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் அதிர, சுவர் அதிர, மேஜை அதிர, அந்த மூட்டும் மயிரிழை அளவு நடுங்கிக்கொண்டிருந்தது. கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார்.

தரணியும் பார்த்தாள். மூன்று வாயிலும் காய்ந்து வெடித்த சந்தனம்.

அந்த அறையில் யார் பொட்டு வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாததல்ல. அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார், தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றினார். ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல், காதுக்குள் துடைப்பதைப் போலத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாகி வந்தது. அதைக் கையில் மடக்கிக்கொண்டார்.

வாசலிலிருந்து பொங்கியண்ணன் கத்திக் கேட்டார். "என்னுங்க தம்பி, கோளாறு ஆப்டுச்சுங்களா?"

"ஆப்ட்டுச்சு அண்ணாச்சி."

"என்னதுங்க?"

ஜெபக்குமார் திரும்பிப் பார்க்கவில்லை. "பஞ்சுத் தூசி. வேற ஒண்ணுமில்ல."

பொங்கியண்ணன் பெருமூச்சு விட்டு மிஷின் பக்கம் போனார். ஜெபக்குமார் மூட்டைப் பூட்டி, இரண்டு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார். மடக்கிய கை மடக்கியபடியே இருந்தது. தரணி அழத் தொடங்கியிருந்தாள். அவளுடைய அழுகைக்கு அங்கே சத்தம் இல்லை. அவர் அவள் காதருகே குனிந்து, மிஷின் இரைச்சலுக்கு மேலாகச் சொன்னார்.

"பாப்பா, எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும். அவ ரூமுக்குப் போயி அந்த ஸ்டூல்ல உக்காரு. சிவப்புச் சாவிய ஒரு தடவ அமுக்கி அனுப்பு. நான் கடையில இருக்கேன், வந்ததும் ஓடி வாரேன். அன்னைக்குச் சேதி வந்திருந்தா நான் அந்த வாசப்படிய மிதிக்க எத்தன நிமிசம் ஆயிருக்கும்னு மட்டும் பாத்துச் சொல்லு."